ஒருநாள் கூலிக்குப் பெயர் "வேலைவாய்ப்பு"!

தொழிற்கல்வியைத் தனியார் முதலாளிகளிடம் விட்டால் தரம் உயரும், வேலை நிச்சயம் என்று உபதேசம் செய்கிறார்கள் சில மேதாவிகள். இவர்கள் சொர்க்கபூமி என்று கும்பிடும் அமெரிக்காவில் நடந்தது என்ன?

கலிபோர்னியாவில் ஹீல்டு என்றொரு கல்லூரி. 1863-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பிறந்தது. இரண்டாண்டில் ஆபீஸ் வேலை, மருத்துவ உதவி வேலை ஆகியவற்றுக்குப் பயிற்சி தந்தது. 2010-ல் இதைக் கொரிந்தியன் என்ற பங்குச் சந்தைக் கம்பெனி 39.5 கோடி டாலருக்கு விலைபேசி வாங்கியது. கல்லூரி கடையாயிற்று, மாணவன் சரக்கானான்!

இக்கம்பெனி யாரைத் தேடிப் பிடித்தது? தனிமையில் வாடுவோர், தன்னம்பிக்கை இழந்தோர், ஆதரிக்க ஆளில்லாதோர் ஆகியோரையே குறிவைத்தது என்று கலிபோர்னியா சர்க்கார் 2013-ல் வழக்குத் தொடுத்தது. இதன் இரண்டாண்டுப் படிப்புக்கு 33,000 டாலருக்கு மேல் கட்டணம்! ஏழையிடம் ஏது பணம்? சர்க்கார் கடன் வாங்கிக் கட்டினான். அது போதாமல் கம்பெனியே ஏற்பாடு செய்த தனியார் கடனும் அவன் தலையில் ஏறியது.

வேலையாவது கிடைத்ததா? ஒரே நாள் நீடித்த வேலையையும் "வேலை பெற்றோர்" கணக்கில் சேர்த்தார்கள், பட்டதாரிகளைச் சிலநாள் வைத்துக்கொள்ள முதலாளிகளுக்குப் பணமும் கொடுத்தார்கள் என்று மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014-ல் குற்றம் சாட்டியது. 2015 ஏப்ரலில், ஹீல்டின் பொய்க் கணக்குக்காகக் கல்வி இலாகா சுமார் 3 கோடி டாலர் அபராதம் போட்டது. அதே மாதம் 27-ந் தேதி எஞ்சியிருந்த 28 கிளைகளையும் கம்பெனி இழுத்து மூடியது. சுமார் 16,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்!

"ஒரு கம்பெனி கெட்டால் முறையே கெட்டதா?" என்று கேட்பார்கள் வக்காலத்துக்காரர்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐ.டி.டி. என்ற இன்னொரு கம்பெனி சுமார் 130 கிளைகளை மூடியதே, அதற்கென்ன பதில்? லாபக் கல்லூரிகளின் இரண்டாண்டுப் படிப்புக்கு, பொதுக் கல்லூரியைப் போல் சராசரி நான்கு மடங்கு செலவு என்று அமெரிக்க செனட் குழுவே 2012-ல் சொன்னதே, அதற்கென்ன பதில்? கோளாறு ஆளிடம் இல்லை, லாபத்தில் இருக்கிறது!

மாணவர்கள் அழுது ஓயவில்லை. 2015 பிப்ரவரியில் 15 பேர் "கடனைக் கட்டமாட்டோம்" என்று வேலைநிறுத்தம் போலக் கடன் நிறுத்தம் செய்தார்கள். பதினைந்து பேர் நூற்றுக்கணக்கானோர் ஆனார்கள். ஏழாண்டுப் போராட்டத்துக்குப் பின் 2022 ஜூனில், 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைச் சர்க்கார் ரத்து செய்தது.

மகத்தான வெற்றி! ஆனால் நஷ்டம் யாருக்கு? பொதுக் கஜானாவுக்கு. லாபம் முன்னமே முதலாளி பைக்குப் போய்விட்டது!

தோழர்களே! உங்கள் பிள்ளையை எந்தத் தனியார் பயிற்சிக் கூடம் அழைத்தாலும், நிலத்தையோ தாலியையோ அடகு வைக்கும் முன் கேளுங்கள்: வேலை பெற்றது யார்? எந்த ஆலையில்? எத்தனை மாதம்? என்ன சம்பளம்?

மக்கள் பணத்தில் நடக்கும் கல்வி மக்கள் கையிலேயே இருக்கட்டும்! ஊருக்கு ஊர் சர்க்கார் தொழிற்பயிற்சிக் கூடம் வேண்டும் என்று ஒன்றுபட்டுக் குரலெழுப்புவோம்!