ஓசிக் காருக்கு மாதம் எவ்வளவு?

சென்னையிலிருந்து போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் வந்து நின்றதும், எல்லோரும் பெட்டி படுக்கைகளைத் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் ஓடுவார்கள். ஊட்டி மலை ரயிலில் இடம் பிடிக்கத்தான். அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து ஊருக்குள் போகிற சிலரில் நானும் ஒருவன். என் பெரியம்மா மகள் அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

2025-ம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் அப்படிப் போயிருந்தேன். அக்கா வாசலிலேயே நின்று கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“வா சாமி, வா! காப்பி ஆறிப் போகும், கை கால் கழுவிட்டு வா. சமாசாரம் தெரியுமா? உங்க மச்சானுக்குக் கம்பெனியில காரு தர்றாங்களாமா! பெட்ரோலு, ரிப்பேரு, இன்சூரன்ஸு எல்லாம் அவுங்க செலவு. நமக்கு ஓசி!”

மச்சான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மானேஜர். தினமும் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வழியாகப் பஸ்ஸில் முப்பத்தைந்து கிலோ மீட்டர் போகவேண்டும். திரும்ப அத்தனை தூரம் வரவேண்டும். வருஷச் சம்பளம் 12,75,000 ரூபாய். கம்பெனிக்காரர்கள் அவரிடம், “கார் எடுத்துக் கொள்கிறீர்களா, அல்லது மாதம் 10,000 ரூபாய் சம்பளத்தில் கூட்டித் தரட்டுமா?” என்று கேட்டு, இரண்டு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

“கார்தான் மாப்ளை! இதுல யோசிக்க என்ன இருக்குது?” என்றார் மச்சான்.

அக்கா மட்டும் யோசித்தாள். அவள் வீட்டு வரவு செலவைக் கோடு போட்ட நோட்டில் வருஷக் கணக்காக எழுதி வருகிறவள். “ஏங் கண்ணு, ஓசியாக் கெடைக்கறதுக்கும் வரி உண்டா? பன்னண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு பட்ஜெட்டுல சொன்னாங்களே?” என்று கேட்டாள்.

கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. சகோதரிகளே, வருமான வரிச் சட்டத்தில் ‘ஓசி’ என்ற வார்த்தை கிடையாது. உத்தியோகம் காரணமாக முதலாளி தரும் சௌகரியமும் சம்பளத்தின் ஒரு பகுதிதான். பணமாக வந்தால் சம்பளம். பொருளாக வந்தால் சலுகை. சலுகைக்கும் ஒரு விலை போட்டுச் சம்பளத்தோடு கூட்டி, பிறகுதான் வரி பார்ப்பார்கள்.

காருக்கு என்ன விலை போடுவார்கள்? ஜெர்மனியில் காரின் பட்டியல் விலையில் மாதம் நூற்றுக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. இங்கிலாந்தில் 2002-ம் வருஷம் முதல் கார் விடும் கரியமில வாயுவின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டில் 2005 முதல் 2009 வரை இந்த வரியைக் கம்பெனியே கட்டும்படி தனியாக ஒரு வரி இருந்தது. அது எடுபட்ட பிறகு பாரம் மறுபடியும் உத்தியோகஸ்தர் தலையில் இறங்கியது. கம்பெனியின் கார் ஆபீஸ் வேலைக்கும் வீட்டுக் காரியத்துக்கும் சேர்ந்து ஓடி, செலவு முழுவதும் கம்பெனியுடையதாக இருந்தால், எஞ்சின் 1.6 லிட்டர் வரை மாதம் 1,800 ரூபாய். அதற்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 2,400. டிரைவரும் கொடுத்தால் இன்னொரு 900. 2009-ல் வந்த இந்த எண்கள் 2025-26 வருஷத்திலும் மாறவில்லை.

மச்சானுக்கு வருவது சின்னக் கார், எஞ்சின் 1.2 லிட்டர், டிரைவர் இல்லை. மாதம் 1,800 என்றால் வருஷத்துக்கு 21,600.

“இவ்வளவுதானா? காரு வெலையப் பார்த்தா இது கொசுறு!” என்றார் மச்சான். வாஸ்தவந்தான். 21,600 என்பது வரியல்ல, வரி போடுவதற்கான மதிப்பு மட்டுமே. ஆனால் கொசுறு எந்த இடத்தில் போய் விழுகிறது என்று பார்க்கவேண்டும் அல்லவா?

அக்காவின் நோட்டை வாங்கி, 2025-26-க்கான புதிய வரி முறையில் கணக்குப் போட்டேன்.

கார் இல்லாவிட்டால்: சம்பளம் 12,75,000. நிலையான கழிவு 75,000. மீதி 12,00,000. பட்டியல்படி வரி 60,000. அந்த 60,000-மும் தள்ளுபடி. கட்டவேண்டியது ஒன்றுமில்லை.

கார் வந்தால்: 12,00,000-உடன் 21,600 கூடி 12,21,600. பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போய்விட்டது. பட்டியல்படி வரி 63,240. ஆனால் கொஞ்சமாகத் தாண்டியவர்களுக்குச் சட்டம் ஒரு தயவு காட்டுகிறது: தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்பதில்லை. ஆகவே வரி 21,600. அதன்மேல் சுகாதாரம், கல்விக்கான மேல்வரி நூற்றுக்கு நாலு, 864. ஆகமொத்தம் 22,464 ரூபாய்.

அக்கா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். “21,600 ரூவா சலுகைக்கு 22,464 ரூவா வரியா? நல்லா இருக்குதே நாயம்!”

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே கார், அதே எஞ்சின். வருஷம் பதினொரு லட்சம் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்தக் காரால் வரி ஏதும் இல்லை. பதினைந்து லட்சம் வாங்குகிறவருக்கு ஏறக்குறைய 3,370 ரூபாய். முப்பது லட்சம் வாங்குகிறவருக்குக்கூட 6,740-ஐத் தாண்டாது. நடுவில் நிற்கிற மச்சானுக்குத்தான் 22,464!

மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மலை ரயில் கல்லாறு வரைக்கும் சாதாரணமாகப் போகும். அங்கிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்திருக்கிறார்கள். பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டுதான் ஏறவேண்டும். குன்னூர் தாண்டினால் பல் கிடையாது. வரியிலும் அப்படித்தான். பன்னிரண்டு லட்சம்தான் கல்லாறு. அங்கிருந்து சுமார் 12,70,600 வரை ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போகும். அதைத் தாண்டினால் ஏற்றம் குறைந்து, கூடுதல் ரூபாய்க்குப் பதினைந்து பைசாவும் மேல்வரியுமாக நின்றுவிடும். மச்சானின் சம்பளம் சரியாகக் கல்லாறு ஸ்டேஷனில் நின்று கொண்டிருந்தது.

“அப்பக் காரு வேண்டாம், பத்தாயிரத்தையே வாங்கிக்கலாம்” என்றாள் அக்கா.

அதையும் போட்டுப் பார்த்தோம். மாதம் 10,000 என்றால் வருஷம் 1,20,000. வரிக்கு உட்பட்ட வருமானம் 13,20,000. வரி 78,000, மேல்வரி 3,120, மொத்தம் 81,120. ஆக, 1,20,000-ல் வீட்டுக்கு வந்து சேருவது 38,880 மட்டுமே. மாதம் 3,240.

இப்போதுதான் உண்மையான விலை கிடைக்கிறது. காரை எடுத்தால் 22,464 கையைவிட்டுப் போகும். அதோடு வந்திருக்கவேண்டிய 38,880-மும் வராது. இரண்டையும் கூட்டினால் 61,344. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,112 ரூபாய். ஓசிக் காரின் வாடகை இதுதான்!

இந்த வாடகை கொடுக்கத் தகுமா என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை இல்லை. அக்காவின் நோட்டில் இருந்தது. அவளுடைய மாமியாருக்கு முழங்கால் வைத்தியம். மாதம் இரண்டு தடவை கோயமுத்தூருக்கு டாக்ஸியில் கூட்டிப் போய்வர 4,400 ரூபாய். மச்சானின் பஸ் செலவு 1,500. இரண்டும் சேர்ந்து 5,900. கார் வந்தால் இந்தச் செலவு இரண்டும் நின்றுவிடும். 5,900-க்குப் பதில் 5,112. லாபம் 788 ரூபாய்தான், ஆனாலும் லாபம். அதோடு, பஸ்ஸில் ஏறமுடியாத ஒரு வயசான அம்மாளுக்கு வாசலிலேயே வண்டி.

“உத்தியோகத்தை விட்டாக் காரும் போயிருமில்ல?” என்று கேட்டாள் அக்கா. போய்விடும். சம்பள உயர்வானால் அடுத்த கம்பெனிக்குப் போகும்போதும் பேச்சுக்கு உதவும். இதையும் தராசில் வைத்துத்தான் ஆகவேண்டும்.

வரியைக் குறைக்க வழி இல்லையா? உண்டு. வீட்டுக் காரியத்துக்கு ஓடும் பெட்ரோலையும் செலவையும் நாமே ஏற்றுக்கொண்டால், சின்னக் காரின் மதிப்பு மாதம் 1,800-க்குப் பதில் 600 ஆகிவிடும். மச்சானுக்கு வரி 7,488-ஆக இறங்கும். மாதம் 1,248 மிச்சம். ஆனால் அந்த வீட்டு ஓட்டத்துக்குப் பதினாலு லிட்டராவது ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 1,400. ஆகவே அவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. கொஞ்சமாக ஓட்டுகிற வீடுகளுக்கு ஒத்துவரும்.

கார் முழுக்க ஆபீஸ் காரியத்துக்கே ஓடினால் வரியே இல்லை. ஆனால் தேதி, போன இடம், தூரம், செலவு எல்லாவற்றையும் கம்பெனி எழுதி வைத்துச் சான்றும் தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அதை ‘ஆபீஸ் வேலை’ என்று எழுதலாகாது. இதற்கு நேர்மாறாக, மச்சான் பஸ்ஸிலேயே போய்க்கொண்டு, கார் வீட்டுக் காரியத்துக்கு மட்டும் ஓடினால், 1,800 கணக்குச் செல்லாது. காரின் விலையில் வருஷம் பத்தில் ஒரு பங்கும், ஆன செலவு முழுவதும் சலுகையாகக் கூடும். பத்து லட்ச ரூபாய்க் கார் என்றால் செலவுக்கு முன்பே ஒரு லட்சம்!

கடைசியாக ஒரு வழி மிஞ்சியது. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனியே தேசியப் பென்ஷன் திட்டத்தில் உத்தியோகஸ்தர் பெயரில் கட்டினால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் நூற்றுக்குப் பதினாலு வரை, புதிய வரி முறையிலும் கழிவு உண்டு. மச்சானின் சம்பளத்திலிருந்து 21,600-ஐ அப்படித் திருப்பினால் வருமானம் மறுபடி 12,00,000, வரி இல்லை. 22,464 சர்க்காருக்குப் போவதற்குப் பதில் 21,600 சொந்தப் பென்ஷனில் சேரும். சம்பள உயர்வு வாங்கினாலும் இந்த வழி உண்டு. ஆனால் அந்தப் பணத்தை இன்றைக்கு எடுத்து டாக்ஸிக்குக் கொடுக்கமுடியாது. அக்காவுக்கு வேண்டியிருந்தது இன்றைக்கு ஒரு வண்டி. காரையே எடுப்பது என்று முடிவாயிற்று. பென்ஷன் ஏற்பாட்டுக்கும் கம்பெனி சம்மதித்தது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு கார் வருவதாக இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். காருக்குப் பதில் எவ்வளவு பணம் தருவார்கள்? சலுகையின் மதிப்பைக் கூட்டினால் நம் வருமானம் எந்தப் படியில் போய் நிற்கும்? இப்போது போக்குவரத்துக்கு நாம் உண்மையில் என்ன செலவழிக்கிறோம்? 2025-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம் அமலாகும் தேதி 1-4-2026. அதற்குப் பிந்திய மாதங்களுக்குப் புதிய விதிகளில் உள்ள எண்களை வைத்துக்கொண்டு இதே வரிசையில் கணக்கைப் போடவேண்டும்.

சில மாதம் கழித்து மறுபடி போயிருந்தேன். மச்சான் ஸ்டேஷனுக்கே காரைக் கொண்டு வந்திருந்தார். வீட்டில் அக்காவின் நோட்டைப் புரட்டினேன். டாக்ஸி என்ற வரி இல்லை. பஸ் என்ற வரியும் இல்லை. புதிதாக ஒரு வரி மட்டும் இருந்தது: ‘பென்ஷன் – 1,800’.

திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவின் மாமியார் கேட்டார்: “ஏஞ் சாமி, காரு வந்தா வரிதான் வரும்னீங்க. எம் பையனுக்குப் பென்சனல்ல வருதாமா?”