அறுவைக்குப் பணம் உண்டு, ஊசிக்கு வழியில்லை

இந்தியப் பொருளாதாரம் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு மார்தட்டிக்கொள்கிறது. ஆனால், வளர்ந்த நாடுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஏறத்தாழ விரட்டிவிட்ட ஒரு நோய், இங்கே ஏழைப் பிள்ளைகளின் இதயத்தை இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. ருமாட்டிக் இதய நோய் என்பது அதன் பெயர். உலகில் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். ஆண்டுதோறும் சுமார் 3 லட்சம் பேர் மடிகின்றனர். இந்த உயிரிழப்பில் பெரும்பங்கு இந்தியாவுடையது. தடுக்கவே முடியாத நோயன்று இது. தடுக்க மறுக்கப்படும் நோய்.

தொண்டையில் தொடங்குவது

குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, நுண்ணோக்கியில் மணிகளைக் கோத்த மாலைபோல் தோன்றும். இன்றும் வழக்கிலுள்ள ‘ஏ’, ‘பி’ என்னும் பிரிவுகளை 1933-இல் வகுத்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு என்னும் அமெரிக்க அறிவியலாளர். தொண்டை அழற்சி, தோலில் சீழ்க்கொப்புளம், ஸ்கார்லெட் காய்ச்சல், பிரசவக் காய்ச்சல், சிறுநீரக அழற்சி எனப் பல நோய்களுக்கு இக்கிருமி காரணமாகிறது. இவற்றுள் மிகக் கொடிய பின்விளைவு தொண்டை வலியைத் தொடர்ந்து வருவது. வலி ஆறி இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றுகின்றன. கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பாற்றல், ஆள் மாறாட்டம் போல, தன் இதய வால்வுகளையே தாக்குகிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளே இதற்குப் பெரிதும் இலக்காகின்றனர். வால்வு சுருங்கிய சிறுமி வளர்ந்து கருவுறும்போது அவள் உயிரே ஊசலாடுகிறது.

இக்கிருமி தும்மலிலும் இருமலிலும் பரவுகிறது. ஆறு பேர் ஒரே அறையில் உறங்கும் குடியிருப்பில் அதற்குத் தடையேது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பென்சிலின் வருமுன்பே ருமாட்டிக் காய்ச்சல் குறையத் தொடங்கியதை மருத்துவ வரலாறு பதிவு செய்துள்ளது. வீடும் காற்றோட்டமும் ஊட்டமும் மேம்பட்டதே அதற்குக் காரணம். நோய்க்கு முகவரி உண்டு. அது உழைக்கும் மக்களின் முகவரி.

சோதனையற்ற சிகிச்சை

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை; அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வருவதற்கோ கட்டாயம் தேவை. வலி தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். இரண்டையும் பிரித்தறியும் முறை எளியது. பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் துடைத்தெடுத்து, இரத்த அகார் தட்டில் பூசி, ஓரிரவு வெப்பப் பெட்டியில் வைக்க வேண்டும். கிருமி சிவப்பணுக்களைச் சிதைத்துத் தன்னைச் சுற்றித் தெளிந்த வளையம் உண்டாக்கும். பாசிட்ராசின் வில்லையைச் சுற்றி அது வளராது நின்றால் குரூப் ஏ என்று கருதலாம். லேடக்ஸ் சோதனை அதனை உறுதிசெய்யும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஆயினும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இச்சோதனையைக் காண்பது அரிது. வளர்ப்புச் சோதனை நடக்கும் ஆய்வகங்கள் பலவற்றிலும் ஆட்டு இரத்தம் கிடைக்காமல், இரத்த வங்கியில் காலாவதியான மனித இரத்தத்தைக் கொண்டே தட்டு தயாராகிறது. அதில் முடிவு பிசகும். தனியார் ஆய்வகங்களிலோ ‘ஏஎஸ்ஓ’ இரத்தச் சோதனை தாராளமாக விற்பனையாகிறது. கிருமி அண்மையில் வந்துபோனதற்கு அது சான்றாகலாம். ஆனால், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ருமாட்டிக் காய்ச்சல் என முத்திரை குத்த முடியாது. இவ்வாறு தேவையற்றவர்க்கு மருந்து திணிக்கப்படுகிறது, தேவைப்படுபவர்க்கு மறுக்கப்படுகிறது.

மருந்தை யார் கைவிட்டது?

குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பென்சிலினுக்குப் பணிந்தே வருகிறது. ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசியைப் பல்லாண்டுகள் தொடர்ந்து செலுத்தினால் இதயத்தைக் காக்கலாம். இந்த மலிவான மருந்து உலகெங்கும் தட்டுப்பாட்டில் இருப்பதை 2016-இல் உலக சுகாதார மன்றமே ஒப்புக்கொண்டது. காப்புரிமையற்ற, லாபம் தராத மருந்தை ஏகபோக நிறுவனங்கள் தீண்டுவதில்லை.

இந்தியாவுக்கு வேறு வழி இருந்தது. 1954-இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவப்பட்டது. 1961-இல் உருவான ஐடிபிஎல், சோவியத் உதவியுடன் ரிஷிகேஷில் ஆன்டிபயாட்டிக் ஆலை எழுப்பியது. தாராளமயம் அவற்றை நட்டத்தில் தள்ளியது. நட்டத்தைக் காட்டி 2016 டிசம்பரில் ஐடிபிஎல்லை மூடவும், இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸை விற்கவும் மோடி அமைச்சரவை முடிவெடுத்தது. இதற்கிடையில் பென்சிலின்-ஜி மூலப்பொருளுக்கு நாடு சீன இறக்குமதியை நம்பி நின்றது. பின்னர் 2020-இல் தனியாருக்கு ஊக்கத்தொகை வழங்க 6,940 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அதன் பட்டியலில் பென்சிலின்-ஜியும் இருந்தது! பொதுச்சொத்தை நட்டமென்று பூட்டிவிட்டு, அதே பொருளுக்காக முதலாளிகளுக்குப் பொதுப்பணத்தை வாரி வழங்குவதற்குப் பெயர் தற்சார்பாம். 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளின் உச்சவரம்பு விலை 50 விழுக்காடு உயர்த்தப்பட்டது. பென்சில் பென்சிலின் ஊசியும் அவற்றுள் ஒன்று.

‘ஏழைக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு தருகிறோமே’ என்பர். ஆயுஷ்மான் பாரத், மருத்துவமனையில் படுத்தவருக்கே பணம் தரும், புறநோயாளிக்குத் தராது. வால்வு மாற்ற நெஞ்சைப் பிளந்தால் மருத்துவமனைக்குப் பொதுப்பணம் போய்ச் சேரும். தொண்டையைத் துடைத்துச் சோதிக்கவும் மாதந்தோறும் ஊசி போடவும் அத்திட்டத்தில் இடமில்லை.

கியூபா காட்டிய வழி

பொருளாதாரத் தடையால் நெரிக்கப்பட்ட கியூபா, பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. நோயாளிகளின் பதிவேடு, தவறாத ஊசி, ஊழியர் பயிற்சி, பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் விளக்கம்: இவையே அதன் கருவிகள். தொடக்கத்தில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளில் இரண்டுக்கு மேற்பட்டோரிடம் இருந்த இதய நோய், முடிவில் ஒன்றில் கால்பங்காகக் குறைந்தது. அங்கே மந்திரம் எதுவும் இல்லை; மக்கள் நலத்தை லாபக் கணக்கிலிருந்து மீட்டெடுத்த அரசு இருந்தது.

தோழர்களே, நம் கோரிக்கைகள் தெளிவானவை. பென்சிலினைப் பொதுத்துறையே உற்பத்தி செய்ய வேண்டும். ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் தொண்டைச் சோதனைக்கான ஆய்வகமும் நிரந்தர ஆய்வக நுட்பநரும் வேண்டும். மாவட்டந்தோறும் நோயாளிப் பதிவேடு வேண்டும். ஊசி தடையின்றிக் கிடைக்க வேண்டும். காற்றோட்டமுள்ள வீடு உழைப்பாளியின் உரிமை என ஏற்கப்பட வேண்டும். கிளைகள் இதனை மருத்துவர்களின் விவகாரமென ஒதுக்கலாகாது. ஆஷா, அங்கன்வாடி ஊழியர் சங்கங்களும் மாதர், மாணவர் அமைப்புகளும் தத்தம் பகுதி சுகாதார நிலையத்தில் இந்த ஊசி இருப்பில் உள்ளதா என்று இந்த மாதமே நேரில் கேட்கட்டும். இல்லையெனில் போராட்டம் அந்த வாசலிலேயே தொடங்கட்டும்.