டர்போ போச்சுன்னு யார் சொன்னது?



குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் சாரலோடு சேர்ந்து எனக்கு ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. "சார், வண்டி இழுக்கல. டர்போ போச்சாம். புதுசு போடவா, ரீபில்ட் பண்ணவா?" இந்த வருடம் மூன்று பேர் கேட்டாயிற்று. மூவரிடமும் பழைய ஸ்விஃப்ட் டீசல். அதில் ஒருவன் என் தங்கச்சி மகன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு ரூ.40,000க்கு மேல் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். எதை வைத்து? ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் ஆட்டினார்களாம். ஆடியதாம்.

ஆடத்தான் செய்யும்! நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றுகிற அந்த ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. உராய்வுப் பாடம் நடத்தினேனே, மறந்துபோச்சா? இன்ஜின் நின்று எண்ணெய் வடிந்தபிறகு பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் இழுக்கும்போது ஆட்டம் நன்றாகத் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோதான் பயப்பட வேண்டும். ஹோஸில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருப்பதும் பெரிய சாட்சியில்லை, அது ப்ரீதர் வழியாகவும் வரும். இழுவை குறைவதற்கு ஒரு கிழிந்த ஹோஸே போதும்.

சரி, உண்மையிலேயே தேய்ந்துவிட்டது என்றால்? ரீபில்ட்தான் என் கட்சி. உறை நன்றாக இருந்தால், பேலன்ஸ் செய்து வருகிற புது 'கோர்' மட்டும் மாற்றினால் போதும். பிரானூர் பார்டரில் மரம் ஏற்றுகிற லாரிக்காரர்களிடம் கேளுங்கள். முழு டர்போ வாங்குகிறவர் எத்தனை பேர்? காருக்கு மட்டும் ஏன் இந்த ராஜ உபசாரம்?

அதற்காக, சீல் கிட்டை வாங்கி ஷெட்டில் வைத்தே தட்டி மாட்டிக்கொள்வதை நான் சொல்லவில்லை. மெஷினில் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டுவது, புதுசு வாங்குவதைவிட மோசமான செலவு. எண்ணெய் கசிந்து இன்ஜினுக்குள் போனால், டீசல் வண்டி அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் அணையாது. குழந்தைகளோடு மலைப்பாதையில் போகும்போது இது நடந்தால் என்ன செய்வீர்கள்? உறை வெடித்திருந்தாலும், இறக்கை உடைந்து சிதறியிருந்தாலும் புதுசுதான். 75 குதிரைத்திறன் இன்ஜினில் இருப்பது எளிய டர்போ. 90 குதிரைத்திறன் வண்டிகளில் உள்ளே அசையும் தகடுகள் உண்டு, அவை தேய்ந்திருந்தால் நம்ம ஊர் ஷெட்டில் கை வைக்க விடாதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வருவது, "ஏன் போச்சு?" என்று ஒருவரும் கேட்காததுதான். டர்போ பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, எண்ணெய் கிடைக்காமல் சாகிறது. புளியரை எஸ் வளைவில் விரட்டி ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமிக்குச் சூடம் கொளுத்த வண்டியை நிறுத்துகிறோம். நிறுத்திய நொடியே சாவியைத் திருப்புகிறோம். கொதிக்கிற டர்போவுக்குள் எண்ணெய் ஓட்டம் நின்று, தேங்கியது கருகிக் கரியாகிறது. ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் சாமி கோபிக்கவா போகிறார்? அந்தக் கரி எண்ணெய்க் குழாயையும் அடைக்கும். அதே பழைய குழாயோடு, அதே பழைய ஆயிலோடு புது டர்போவை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்ச் சேரும். ஆயில், ஃபில்டர், குழாய் மூன்றையும் மாற்றி, இன்டர்கூலரையும் கழுவச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டில் இந்த வரிகள் இல்லையென்றால் அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. கழற்றிய டர்போவை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், ரீபில்ட் செய்து விற்பவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்குவார்கள். 'இது குப்பை, புதுசு போடுங்க' என்று சொன்னவரிடமே, "பழசுக்கு எவ்வளவு கழிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.