பலசாலியா, தளபதியா?

அக்கா பையன் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். காலை இட்லியிலிருந்து ராத்திரி தோசை வரை கண்ணை செல்போனிலிருந்து எடுப்பதில்லை. அதில் ஜப்பான்காரர்கள் கத்தியை வைத்துக்கொண்டு கத்திக் கத்திச் சண்டை போடுகிறார்கள்.

"என்னடா இது?"

"ப்ளீச், மாமா."

"நம்ம பாத்ரூம்ல இருக்கே, அதுவா?"

அவன் பார்த்த பார்வையில் எனக்கு இருபது வயசு கூடிவிட்டது. பிறகு இரக்கப்பட்டு விளக்கினான். அந்தக் கதையில் படைக்கு 13 பிரிவுகள், பிரிவுக்கு ஒரு கேப்டன். கேப்டன் ஆகப் பரீட்சை, சிபாரிசு என்று வழிகள் உண்டு. அதெல்லாம் சரிப்படாதவர்களுக்கு இன்னொரு வழி: இருக்கிற கேப்டனை 200 பேர் சாட்சியாகத் தீர்த்துக்கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம்! 'ஒன் பீஸ்' என்று இன்னொன்று. அதில் ஒரு கடற்படை அட்மிரல் கடலையே உறைய வைப்பாராம்.

"அதான் மாமா கரெக்ட்டு. எவன் ஸ்ட்ராங்கோ அவன் மேல. நம்ம ஆர்மியிலயும் அப்படித்தானே இருக்கணும்?"

சிரித்து ஒதுக்கிவிடத்தான் நினைத்தேன். முடியவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

முதலில் என் தகுதி. நான் குடியிருப்பது பாடி. பாடி என்றால் படை தங்குமிடம் என்று அகராதியில் ஒரு பொருள் உண்டு. ஆகவே படையைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை இருக்கிறது.

மங்காவுக்கு ரொம்ப முன்னாலேயே நம்மிடம் இந்த விளையாட்டு இருந்தது. மகாபாரதத்தில் ரதர், அதிரதர், மகாரதர் என்று வீரர்களுக்கு கிரேடு உண்டு. போருக்கு முன் பீஷ்மர் துரியோதனனிடம் மார்க் ஷீட் வாசிக்கிறார். கர்ணன் முறை வந்ததும், 'அரை ரதன்' என்கிறார். அப்ரைசலில் அடிபட்ட ஆபீஸர் மாதிரி கர்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. பீஷ்மர் விழும்வரை சண்டைக்கு வரமாட்டேன் என்று 10 நாள் ஸ்ட்ரைக்!

எதிர் முகாமைப் பாருங்கள். யாரைத் தளபதியாக்கலாம் என்று தருமர் கேட்கிறார். பீமன் சிகண்டியைச் சொல்கிறான். அர்ஜுனன் திருஷ்டத்யும்னனைச் சொல்கிறான். யானையைத் தூக்கி எறிகிற பீமன், 'நான் இருக்கேனே' என்று கை தூக்கவில்லை. 18 நாளும் திருஷ்டத்யும்னனே தளபதி. கௌரவர்களோ பலசாலிகளாகப் பார்த்துப் போட்டார்கள். பீஷ்மர் 10 நாள், துரோணர் 5 நாள், கர்ணன் 2 நாள், சல்லியன் அரை நாள். ஆளை ஆளாக மாற்றியும் 11 அக்ரோணிப் படை 7 அக்ரோணியிடம் தோற்றது.

"அது கதை மாமா."

சரி, சரித்திரத்துக்கு வா. கொரட்டூரில் ரயிலேறினால் அரக்கோணம். அதற்குப் பக்கத்தில் தக்கோலம். 949-ல் அங்கேதான் பராந்தக சோழன் மகன் இராசாதித்தன் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் படையோடு மோதினான். யானை மேலிருந்து முன்னால் நின்று போரிட்டவனை, கங்க மன்னன் பூதுகன் அந்த யானை மேலேயே வைத்துக் கொன்றான். அவ்வளவுதான், சோழர் படை கலைந்தது. தொண்டை மண்டலமே கைவிட்டுப் போயிற்று. ஒரு ஆள் விழுந்தால் ஒரு நாடு விழுகிற மாதிரி ஆகிவிட்டது.

இப்போது ஆவடிக்கு வருவோம். அங்கே தயாராகும் அர்ஜுன் டாங்கியில் 4 பேர். ஓட்ட ஒருவர், சுட ஒருவர், குண்டு நிரப்ப ஒருவர். கமாண்டருக்கு முக்கிய வேலை, சுற்றிலும் பார்த்துச் சொல்வது. 1971-ல் மானெக்‌ஷாவுக்கு வயசு 57. இருபது வயசு சிப்பாயோடு மல்லுக்கட்டினால் யார் ஜெயிப்பார்? ஆனால் 'மழைக்காலம் முடியட்டும்' என்று நிறுத்தி வைத்தது அவர் மூளை. டிசம்பரில் 13 நாளில் போர் முடிந்தது. 1965-ல் பாட்டன் டாங்கிகளை ஒவ்வொன்றாக உடைத்துவிட்டு உயிரை விட்ட அப்துல் ஹமீது ஒரு ஹவில்தார். அவருக்கு தேசம் கொடுத்தது பரம்வீர் சக்ரா. வீரத்துக்கு மெடல், பொறுப்புக்குப் பதவி. இரண்டுக்கும் தனித்தனி பெட்டி.

இனி, நான் சிரிக்காத காரணம்.

பி.காம். படித்த எனக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். டேலி ஆகாத கணக்கில் எங்கே உதைக்கிறது என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பேன். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இதற்காகவே என்னை செக்‌ஷன் ஹெட் ஆக்கினார்கள். எனக்குக் கீழே நாலு பேர். யாராவது திணறினால், "இங்க குடுங்க, நானே போட்டுடறேன்" என்பேன். பெருமையாக இருக்கும். எட்டு மணிக்கு அவர்கள் போன பிறகும் நான் யானை மேலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மார்ச் கடைசியில் மஞ்சள் காமாலை வந்து படுத்தேன். மூன்று வாரம். செக்‌ஷன் அப்படியே நின்றது. எந்த ஃபைல் எங்கே என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. நான் சொல்லித் தரவே இல்லையே! திரும்பி வந்த வாரம், கடைசியாகச் சேர்ந்த பெண் ராஜினாமா கொடுத்தாள். "சார், நீங்க ரொம்ப நல்லா வேலை செய்வீங்க. எங்களைத்தான் செய்ய விடலை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

பையன் கொஞ்ச நேரம் செல்போனைத் தொடவில்லை.

"அப்ப ஸ்ட்ராங்கா இருக்கிறவனுக்கு ஒண்ணுமே கிடையாதா மாமா?"

உண்டு. தக்கோலம் போரில் எதிர்ப் பக்கத்தில் மணலேரன் என்று ஒரு வீரன் பிரமாதமாகச் சண்டை போட்டான். என்ன வேண்டும் கேள் என்றான் அரசன். அவன் தளபதிப் பதவி கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கர்நாடகத்தில் ஆதகூர்க் கல்வெட்டில் இருக்கிறது. பன்றியோடு போராடி அந்த நாய் செத்ததும் அதற்கும் நடுகல்!

"நாயா? செம மாமா!"

ஆமாம். அன்றைக்கு மேனேஜர் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது நானும் ஒரு நாய்க்குட்டி கேட்டிருக்கலாம். செக்‌ஷன் பிழைத்திருக்கும்.