நிலவறையில் காத்திருக்கும் ஒயின்

போர்த்துகல்லின் புசாக்கோ மலைக்காட்டில், அரச குடும்பத்துக்காக 1888-இல் கட்டத் தொடங்கிய மாளிகை ஒன்று இருக்கிறது. 1910-இல் முடியாட்சி போய்விட்டது. சில ஆண்டுகளில் அலெக்ஸாந்த்ரே தெ அல்மெய்டா என்பவர் அதை எடுத்து விடுதியாக நடத்தத் தொடங்கினார். விருந்தினருக்கென்று சொந்தமாக ஒயினும் தயாரித்தார். மேற்கே பைராடாவிலிருந்து பாகா என்ற கறுப்புத் திராட்சை வரும். கிழக்கே டாவோவிலிருந்து டூரிகா நாசியோனல் வரும். இரண்டையும் கலந்து, மாளிகையின் நிலவறையில் உறங்கவிடுவார்கள்.

இந்த உறக்கத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பாகா இளமையில் முரட்டுப் பழம்: புளிப்பு தூக்கல், ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. ஆண்டுகள் போகப் போகத்தான் வழிக்கு வரும். துவர்ப்பு மெல்ல அடிவண்டலாக இறங்க, கருஞ்சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமாகும். அத்தகைய புட்டியை முதல்நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் ஒரே சாய்ப்பில் ஊற்ற வேண்டும். இன்றைய சந்தைக்கு இந்தப் பொறுமை இல்லை. விற்காத சரக்கை முடங்கிய முதல் என்றே கணக்கர்கள் எழுதுகிறார்கள். அது தவறு. அல்மெய்டாவின் விடுதிக் குழுமத்தில் தங்கினால்தான் புசாக்கோ ஒயின் கிடைக்கும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. இப்போது சில புட்டிகள் வெளியேயும் போகின்றன. போகட்டும், பழைய அடுக்குகளை மட்டும் காலி செய்துவிடக் கூடாது.