மருத்துவக் கட்டுரையும் மேற்கோட் குறிப்பும்

தான் கூறுவதற்குச் சான்று காட்டல் வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டிற்குப் புதியதன்று. பண்டை உரையாசிரியர்கள் தம் கூற்றை வலியுறுத்தும் பொருட்டுப் பிற நூல்களினின்றும் மேற்கோள்களை எடுத்தாண்டனர். எனினும், அவை எந்நூலைச் சார்ந்தவை என்பதைப் பலவிடங்களிற் கூறாது விடுத்தனர். சீவகசிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளிப்படுத்திய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், நச்சினார்க்கினியர் உரையிற் கண்ட பெயர் குறியாத மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடி ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து பட்ட பாடு தமிழன்பர் யாவரும் அறிந்ததே. இலக்கியத்தில் இக்குறையால் விளைவது வீண் உழைப்பு. மருத்துவத்திலோ இதனால் உயிர்க்கே ஊறு நேர்தல் கூடும்.

கோயம்புத்தூரில் 1966ஆம் ஆண்டில் அரசினர் மருத்துவக் கல்லூரியும், 1985ஆம் ஆண்டில் பூ. சா. கோ. மருத்துவக் கல்லூரியும் தோன்றிய பின்னர், கொங்கு நாட்டு மக்கள் பலர் தம் ஊரிலேயே மருத்துவம் கற்று ஆராய்ச்சியிலும் ஈடுபடலாயினர். மேற்பட்டம் பெற விழைவோர் ஆய்வேடு எழுதுதல் வேண்டும். ஆசிரியராயிருப்போர் பதவி உயர்வு பெறக் கட்டுரைகளைப் பிரசுரித்தல் வேண்டும். இவர்களுள் சிலர், கட்டுரையின் இறுதியில் வரும் ஆதாரப் பட்டியலை ஒரு குமாஸ்தா வேலையெனக் கருதி, அவசர அவசரமாக முடித்துவிடுகின்றனர். இக்கருத்து தவறுடையதென்பதே நமது துணிபு.

முன்னாளில் ஒவ்வொரு மருத்துவ இதழும் ஒவ்வொரு முறையைக் கைக்கொண்டிருந்தது. ஓரிதழ் ஏற்காத கட்டுரையை மற்றோரிதழுக்கு அனுப்புவோர் பட்டியல் முழுவதையும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இத்துன்பத்தை நீக்கக் கருதி, இதழாசிரியர் சிலர் 1978ஆம் ஆண்டில் கானடா தேசத்து வான்கூவர் நகரிற் கூடி ஒரு பொது முறையை வகுத்தனர். அது மறு ஆண்டில் வெளியாயிற்று. அம்முறைப்படி, மேற்கோள்கள் கட்டுரையில் முதன்முதல் வரும் வரிசையிலேயே எண் பெறும். பட்டியலில் ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவை இவ்வொழுங்கே நிற்கும்.

இவ்வெண்களெல்லாம் எதற்கு என்று வினவுவார்க்கு நம் நாட்டுக் குடியானவரே விடை கூறுவர். புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் இல்லாத கிரயப் பத்திரத்தை எவரேனும் வாங்குவரோ? ஓரிலக்கம் பிழைத்தால் தம் தோட்டம் பிறர் தோட்டமாகிவிடும் என்பதை அவர் நன்கறிவர். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் அத்தகையனவே. மேலும், கட்டுரையின் நடுவே புதியதொரு மேற்கோளைச் செருகினால் அதன் பின்னுள்ள எண்கள் யாவும் மாறும். பட்டியலை மாற்றி உள்ளே மாற்றாது விட்டால், நீரிழிவைப் பற்றிய கூற்றுக்குக் காசநோய்க் கட்டுரை சான்றாக வந்து நிற்கும்.

பெயர் எழுதுவதிலும் நம்மனோர்க்குத் தனிக் கவனம் வேண்டும். நம்மவர் தந்தையார் பெயரின் தலைப்பெழுத்தை முன்வைத்துத் தம் பெயரைப் பின்னெழுதுவர். வான்கூவர் முறையிலோ பெயர் முன்னும் தலைப்பெழுத்துப் பின்னும் நிற்கும். 1928ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வந்த புகழ்பெற்ற ஒளியாராய்ச்சிக் குறிப்பு, இம்முறையில் ‘ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ்’ என்று தொடங்கும். ஆனால் ஒரு பெண்மணி தம் பெயரை அடுத்துத் தந்தையார் பெயரை முழுதும் எழுதிவிடின், பட்டியலில் தந்தையார் பெயரே தலைமை பெறும். உழைத்தவர் பெயர் ஓரெழுத்தாய்க் குறுகும். பிறர் பெயரைப் பிழையற எழுதுதல் அவருக்குச் செலுத்த வேண்டிய கடனன்றோ?

நிற்க. வடிவம் செவ்வையாயிருப்பினும் உண்மை பிழைபடுதல் உண்டு. 1980ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதமொன்று வெளிவந்தது. மருத்துவமனையிற் படுத்திருந்து அபினி இன மருந்து பெற்ற 11,882 நோயாளருள் நால்வரே அம்மருந்துக்கு அடிமையாயினர் என்பது அதன் செய்தி. 2017ஆம் ஆண்டில் கானடா நாட்டு ஆராய்ச்சியாளர் கணக்கிட்டபோது, அக்கடிதம் 608 முறை மேற்கோளாக எடுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் 491 இடங்களில், அந்நோயாளர் மருத்துவமனையில் இருந்தவர் என்பதே சொல்லப்படவில்லை. வீட்டில் நெடுநாள் உண்பார்க்கும் அம்மருந்து அச்சமற்றது என்னும் எண்ணம் இவ்வாறு பரவிற்று. வட அமெரிக்காவில் அம்மருந்தினால் விளைந்த பெருங்கேட்டுக்கு இதுவும் ஒரு காரணமென அவர் எழுதினர். கடிதத்தின் ஆண்டும் பக்கமும் பிழையின்றிக் குறித்தவரும், அவ்வைந்து வாக்கியங்களைப் படித்திலர் போலும்!

இது சேய்மைத் தேசத்துக் கதையென்று நாம் வாளா இருத்தலாகாது. அறுவடைக் காலத்தில் நெல்லின் சுணையோ சோளத் தோகையோ கண்ணிற் பட்டுக் கருவிழியிற் பூஞ்சைப் புண் உண்டாதல் உழவர்க்கு நேரும் இடுக்கண். மதுரை, கோயம்புத்தூர் முதலிய ஊர்களிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளரைக் கொண்டு நடந்த சோதனையொன்று 2013ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. புதியதாகிய வோரிகோனசோல் துளிமருந்தைவிடப் பழையதாகிய நட்டாமைசினே அதிக நலம் பயந்தது என்பது அதன் முடிவு. அதனைப் படியாதார் ஒருவர், புதியது எப்போதும் சிறந்ததேயென்றெண்ணி, அக்கட்டுரையையே மாறாகச் சான்று காட்டுவாராயின், அதை நம்பும் மருத்துவரிடம் செல்லும் உழவனின் கண்ணுக்கு யார் பொறுப்பாவர்?

இக்காலத்தில் பட்டியலைத் தானே ஒழுங்குபடுத்தும் கணினிக் கருவிகள் மலிந்துள்ளன. இதழ்கள் சிலவும் முதலில் எவ்வடிவில் அனுப்பினும் ஏற்றுக்கொள்கின்றன. இவற்றை நாம் வரவேற்கின்றோம்; கால்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் வாழ்நாளைச் செலவிடுதல் அறிவுடைமையன்று. ஆயினும், கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை அறிவுப் பொறிகள், உலகில் இல்லாத கட்டுரைகளுக்கும் ஆசிரியர் பெயரும் இதழும் பக்கமும் புனைந்து தருதல் பலமுறை வெளிப்பட்டுள்ளது. வடிவத்தில் அவை குற்றமற்றவை. பொருளிலோ வெறும் பொய். ஆகவே, வடிவத்தைப் பொறியினிடம் விடலாம்; வாய்மையை விடலாகாது.

நாம் வேண்டுவது பெரிதன்று. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாணவர் ஒவ்வொருவரிடமும், அவர் பட்டியலினின்று பத்து எண்களை ஆசிரியர் குறித்துக் கேட்கட்டும். அப்பத்து மூலக் கட்டுரைகளையும் மாணவர் கொணர்ந்து, தாம் கூறியது எப்பக்கத்தில் எவ்வாறு உள்ளதென்று காட்டட்டும். ஒரு பிற்பகலில் முடியும் இச்சோதனையை நம் மருத்துவக் கல்லூரிகள் கைக்கொள்ளுமாயின், படியாத நூலைச் சான்று காட்டும் வழக்கம் பெரிதும் ஒழியும். மருத்துவராக விழையும் நம் மாணவ மாணவியர், தாம் இடும் ஒவ்வோரெண்ணும் எங்கோ ஒரு நோயாளியின் படுக்கையருகே சென்று சாட்சி சொல்லும் என்பதை உளத்திற் கொள்வாராக.