கடனுக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே

 

வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கட்டுவது ஆகாது என்பதை நம்மில் அறியாதவர் இலர். ஆயினும் அறிந்தே சிக்கியவர்கள், விவரம் புரியாத வயதில் கையெழுத்திட்டவர்கள், தந்தை விட்டுச்சென்ற கடனைச் சுமப்பவர்கள் என ஒவ்வொரு தெருவிலும் சிலர் இருக்கின்றனர். தவ்பா செய்து, விரைவில் வெளியேறிவிட வேண்டும் என்று தவிக்கும் அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

எனக்கு நெருங்கிய சகோதரர் ஒருவர் உண்டு. அரபு எழுத்தணிக் கலையில் தேர்ந்த கை அவருடையது. எங்கள் பள்ளிவாசலின் மிஹ்ராபுக்கு மேலுள்ள எழுத்துகள் அவர் எழுதியவையே. வட்டியிலிருந்து விடுபட்டே தீருவது என்ற வைராக்கியத்தில், பகல் வேலையுடன் இரவு பதினொரு மணி வரை ஒரு கடையில் கணக்கெழுதும் வேலையையும் ஏற்றுக்கொண்டார். கடன் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் நாணல் பேனாவைத் தொடவே இல்லை. மகனுக்கு ஓதிக்கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. இஷா ஜமாஅத் தவறிக்கொண்டே போனது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உடலில் குடியேறின. பத்திரத்தை மீட்டு வந்த நாளில் அவர் என்னிடம் சொன்னார்: "வீடு என்னுடையதாகிவிட்டது. வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் நான் விருந்தாளியாகிவிட்டேன்."

அவர் நாடியது தவறா? இல்லை. கடனின் கனத்தை மார்க்கம் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்கவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். சாதாரணக் கடனுக்கே இந்நிலை என்றால், வட்டியும் சேர்ந்த கடனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், கடனிலிருந்து பாதுகாவல் தேடக் கற்றுத்தந்த அதே நபி (ஸல்) அவர்கள், அதை எவற்றோடு சேர்த்துத் தேடினார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரியின் ஹதீஸில், அண்ணலார் அடிக்கடி ஓதிவந்த துஆவில் எட்டுத் தீமைகள் வருகின்றன. கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம் ஆகியவற்றை அடுத்தே கடனின் பாரமும் மனிதர்களின் அடக்குமுறையும் இடம்பெறுகின்றன. ஒரே துஆவில் கடனுக்கும் பாதுகாவல் தேடப்படுகிறது. கஞ்சத்தனத்துக்கும் கவலைக்கும் இயலாமைக்கும் தேடப்படுகிறது. அப்படியானால் எட்டில் ஒன்றிலிருந்து தப்புவதற்காக மற்ற ஏழில் போய் விழுவதை அந்த துஆவின் நிறைவேற்றம் என்று எப்படிக் கூற முடியும்?

ஸல்மான் ஃபாரிஸீ (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகியோரின் நிகழ்ச்சியும் நமக்குத் தெரிந்ததே. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அபுத்தர்தாவை உண்ணவும் உறங்கவும் வைத்த ஸல்மான், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமைகள் உள்ளன என எடுத்துரைத்தார். ஸல்மான் சொன்னது உண்மையே என நபியவர்கள் உறுதிப்படுத்தினார்கள். உபரியான வணக்கமே உடலின் உரிமையையும் மனைவியின் உரிமையையும் விழுங்கக் கூடாது எனில், வங்கித் தவணைக்கு மட்டும் அந்த உரிமையை வழங்கியவர் யார்?

"வட்டியை ஒரு மாதமாவது நீடிக்க விடலாமா? கலையும் ஓய்வும் அதைவிடப் பெரியனவா?" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்டியை நீடிக்க விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதை வெட்டி அதை அடைக்கிறோம் என்பதே என் கேள்வி. இதற்குக் கணக்கையே சாட்சியாக வைக்கிறேன்.

30 இலட்சம் ரூபாய்க் கடன், 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுகள் என்று கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே. இறுதியில் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 32 இலட்சத்து 48 ஆயிரம் கட்டியிருப்போம். வட்டி ஏன் கொடியது என்பதை இவ்வெண்களே சொல்லும்.

இத்தவணையோடு மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், 20 ஆண்டுக் கடன் 13 ஆண்டு 8 மாதங்களில் முடிகிறது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் குறைகிறது. வட்டியில் சுமார் 11 இலட்சத்து 70 ஆயிரம் மிஞ்சுகிறது. 5,000 என்பதை 10,000 ஆக்கினால் கடன் பத்தரை ஆண்டுகளில் முடியும். அந்த இரண்டாவது ஐயாயிரம் குறைப்பது சுமார் மூன்று ஆண்டுகளையும் 5 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாயையுமே. முதல் ஐயாயிரம் செய்வதில் பாதியைத்தான் இரண்டாவது செய்கிறது.

முதல் ஐயாயிரத்தைப் பெரும்பாலான குடும்பங்கள் வீட்டுச் செலவை ஒழுங்குபடுத்தியே எடுத்துவிட முடியும். இரண்டாவது ஐயாயிரத்துக்காகத்தான் இரவு வேலை தேடப்படுகிறது. பத்தரை ஆண்டுகளின் இரவுகளைக் கொடுத்து மூன்று ஆண்டுகளை வாங்குகிறோம். அந்த இரவுகளில்தான் பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பதும் மனைவியோடு பேசுவதும் நம் கையிலுள்ள திறமை உயிரோடிருப்பதும் நடக்க வேண்டியிருந்தது.

அவ்வாறெனில் எதை வெட்டுவது? நம் ஊர்களில் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டே லாக்கரில் நகையைப் பூட்டி வைத்திருப்போரும், விலை ஏறட்டும் என்று மனையைச் சும்மா போட்டு வைத்திருப்போரும் உண்டு. அவற்றை விற்றுக் கடனில் கட்டுவதே முதல் தியாகம். திருமண விருந்தின் ஆடம்பரமும் ஊருக்காக வாங்கும் காரும் அடுத்து வெட்டப்பட வேண்டியவை. உறக்கமும் மருந்தும் குடும்பத்தோடு உண்ணும் ஒருவேளை உணவும் நூல்களும் வெட்டுப் பட்டியலில் வரவே கூடாதவை. இரவு வேலை தவிர்க்க முடியாதது எனில், கடனின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு என்று வரம்பிட்டுச் செய்யுங்கள். வட்டியின் பங்கு மிகுந்திருக்கும் அக்காலத்தில் கட்டும் ரூபாய்க்கே வலிமை அதிகம்.

மாறும் வட்டியிலான வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்குவதை 2012-இல் ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. எனவே சிறு தொகையையும் தயங்காமல் கட்டலாம். கட்டும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள். சில மாதச் செலவுக்கான தொகையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருப்பதை எல்லாம் கடனில் கொட்டிவிட்டு, மருத்துவச் செலவு வந்ததும் அதிக வட்டிக்கு வேறு கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற நபிமொழியின் பொருள் இங்கும் பொருந்தும்.

திறமையும் அல்லாஹ் தந்த அமானிதமே. எழுதுகிறவர், தைக்கிறவர், மரத்தில் செதுக்குகிறவர், பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர் ஆகியோருக்குத் தேவைப்படுவது பெரும்பணம் அன்று. கவலை சற்று விலகிய ஒரு மணி நேரம். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரும் துணைநின்றனர். புலவரின் கவலையைச் செல்வர்கள் ஏற்றதால் சமுதாயத்துக்கு ஒரு காப்பியம் கிடைத்தது. இன்று அந்த இடத்தில் நிற்க வேண்டியவை நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் வசதி படைத்த உறவினர்களும் ஆவர். வட்டியில் சிக்கிய ஒருவருக்கு அழகிய கடனாக ஒரு தொகை கொடுத்துக் கைதூக்கிவிட்டால், அவருடைய இரவுகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். வட்டி ஹராம் என்று பேசுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

அந்தச் சகோதரர் இப்போது அஸருக்குப் பிறகு மகனை அருகில் அமர்த்தி எழுதப் பழக்குகிறார். விரல்கள் முன்போல் வளையவில்லை என்கிறார். இன்ஷா அல்லாஹ், அது திரும்பி வரும். மகனின் சிறு வயதுதான் திரும்பி வராது.

கடனின் பாரத்திலிருந்தும், கடனை அடைக்கும் பதற்றத்தில் நம்மையும் நம்மைச் சார்ந்தவர்களையும் வருத்துவதிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஹலாலான வருவாயில் பரக்கத்தையும், இல்லங்களில் நிம்மதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.